பதினாறாம் நம்பர் ஊசியும் அக்குபங்சர் ஊசியும்

தண்டையார்பேட்டையில் இருபத்தேழு வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் பிளவுஸ் துணியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தீபாவளி நெருங்கினால் ராத்திரி ஒரு மணி வரை வேலை ஓடும். போன வருஷம் வலது முட்டியை மடக்கவே முடியாமல் போயிற்று. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்து மூட்டுத் தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரையும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை வேறு. தினமும் வலி மாத்திரை விழுங்கினால் கிட்னி என்ன ஆகுமோ என்ற பயத்தில் அக்குபங்சர் என்கிற சீன ஊசி வைத்தியத்தைத் தேடிப் போனேன்.

முதலில் போன இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே ஊசியே கிடையாது. நாடி பார்த்துவிட்டு, கையில் ஒரு புள்ளியை விரலால் தொட்டார்கள், அவ்வளவுதான். “மாத்திரை எல்லாம் உடம்புல சேர்ற கழிவும்மா, நிறுத்திடுங்க. உடம்பே தன்னைச் சரி பண்ணிக்கும்” என்றார்கள். நம்பி, சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்த மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தினேன். பதினெட்டாம் நாள் நாக்கு வறண்டு, கண் மங்கி, கட்டிலை விட்டு எழ முடியவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 286. மறுபடி ஸ்டான்லி ஓ.பி.க்குப் போனபோது அந்த டாக்டரம்மா திட்டவில்லை. “வேற வைத்தியம் எது வேணா பாருங்கம்மா. எங்களைக் கேக்காம மாத்திரையை மட்டும் விடாதீங்க” என்றார். புதிதாகப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு, எந்த மாத்திரையாக இருந்தாலும் நிறுத்தச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவதாகப் போனது பெரம்பூரில் ஒருவரிடம். முதல் நாள் பாதி நேரம் கேள்விதான். தூக்கம், தாகம், வியர்வை, மலம், மாதவிடாய் நின்று எத்தனை வருஷம், வலிக்கு வெந்நீர் ஒத்தடம் இதமா, குளிர்ச்சி இதமா என்று. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். அன்று காலையில் நாக்கை வழிக்காதீர்கள், காபியோ வெற்றிலையோ போடாமல் போங்கள். நிறத்தையும் மேலே படிந்திருப்பதையும் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். நாடியும் நம் சித்த வைத்தியர் மாதிரியே மூன்று விரல் வைத்துத்தான். ஆனால் இங்கே வாத, பித்த, கபக் கணக்கு இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் விரல் படுகிற ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் உள்ளுறுப்புக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மனசு ஒட்டியது அவர் அளவெடுத்த விதத்தில்தான். இஞ்ச் டேப் கிடையாது. ‘சுன்’ என்று ஓர் அளவு. நோயாளியின் கட்டைவிரல் அகலம் ஒரு சுன், நான்கு விரல் சேர்ந்தால் மூன்று சுன். என் கால் புள்ளியை என் கையாலேயே அளக்க வைத்தார். முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி. ‘ஸூ-சான்-லீ’ என்று பெயர். லீ என்பது சீன தூர அளவு. காலில் மூன்று லீ என்று அர்த்தமாம். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு, அதனால் அளவும் வேறு. இருபத்தேழு வருஷமாக நான் துணியில் செய்வதும் அதுதானே.

ஊசி வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் மிஷினில் போடும் பதினாறாம் நம்பர் ஊசியின் தடிமன் 1 மில்லிமீட்டர். ஒருமுறை அது என் ஆள்காட்டி விரலில் ஏறியிருக்கிறது. அக்குபங்சர் ஊசி சுமார் 0.25 மில்லிமீட்டர்தான், முடி மாதிரி வளையும். இறங்கும்போது கொசுக்கடி போலச் சுருக்கென்கிறது, பிறகு உள்ளே ஒரு கனம், மரமரப்பு. ‘தே-சீ’ என்று அதற்குப் பெயர், அது வந்தால்தான் சரியாக இறங்கியிருக்கிறது என்கிறார்கள். மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீரென்றால் உடனே சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் அசையக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். நான் இரண்டு இட்லி சாப்பிட்டுத்தான் போவேன். லெக்கின்ஸ் வேண்டாம், முட்டிக்கு மேலே ஏறாது.

ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒருமுறை போட்டதை மறுபடி யாருக்கும் போடக் கூடாது. போடும்போதே எண்ணிக்கொள்ளுங்கள், எடுக்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் உள்ள புள்ளியையும் கணுக்காலுக்கு மேலே உள்ளதையும் தவிர்ப்பார்கள். சில இடங்களில் ஊசியில் லேசாகக் கரண்ட் விடுவார்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. மோக்ஸா என்று ஒரு மூலிகைத் திரியைக் கொளுத்தி அனல் காட்டுவார்கள். எனக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, சுட்டாலும் தெரியாது என்று சொன்னதும் அதை விட்டுவிட்டார்.

சீன மருந்து மாத்திரை மட்டும் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த டப்பாவில் சீன எழுத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி செயலிழந்தது. காரணம் அதில் கலந்திருந்த ஒரு செடியின் அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஆடுதின்னாப்பாளையும் அந்தச் செடியின் குடும்பம்தான்.

எட்டு முறை போனேன், முறைக்கு நானூறு ரூபாய். “தேஞ்சது திரும்ப வளராதும்மா, வலி கொஞ்சம் குறையலாம்” என்று முதல் நாளே சொல்லித்தான் ஆரம்பித்தார். மூன்றாவது முறை வரை ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவதுக்குப் பிறகு ராத்திரி வலியில் விழிப்பது நின்றது. பயிற்சியையும் விடாமல் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இப்போது ஒரே உட்காரலில் இரண்டு பிளவுஸ் முடிக்கிறேன், முன்பு அரை பிளவுஸுக்கே எழுந்து நிற்பேன். மெட்ஃபார்மின் தினமும் இரண்டு வேளை, போன மாதம் வெறும் வயிற்றில் 128.