கோட்டைக் கணக்குச் சுருள் ஒன்றைப் பார்க்க நான் பட்ட பாடு

இங்கிலாந்தில் உள்ள ஒரு வட்டார ஆவணக் காப்பகத்தில், முதலாம் எட்வர்டு மன்னர் காலத்துக் கோட்டைக் கணக்குச் சுருளை, அதாவது கோட்டையின் செலவுகளை எழுதிவைத்த சுருளை, பார்ப்பதற்காகச் சென்றவன், வாசகர் அட்டை வழங்கும் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். கடவுச்சீட்டில் என் தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, முகவரிச் சான்றாகக் கொண்டு சென்ற வங்கிக் கடிதத்தில் அது வெறும் முதலெழுத்தாக இருந்தது. இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று எவ்வளவு விளக்கியும் அந்த எழுத்தர் செவிசாய்க்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்ற வேண்டுகோளையும் அவர் ஏற்கவில்லை. நம் பெயர் வழக்கம் அங்கே புரியாது. ஆகவே இரண்டு சான்றுகளிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும்படி முன்னரே திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய கடிதத்துடன் சென்றபோது அட்டை உடனே கிடைத்தது. அடுத்த இடர் காப்பகத்தின் ஆவணப் பட்டியலில் இருந்தது. அக்காலக் கணக்குகளில் கிறிஸ்து ஆண்டு இராது. மன்னர் ஆளத் தொடங்கியதிலிருந்து எண்ணும் ஆட்சியாண்டுதான் இருக்கும். 1272 முதல் 1377 வரை மூன்று எட்வர்டுகள் தொடர்ந்து ஆண்டதால், '12ஆம் ஆட்சியாண்டு' என்பது 1284ஆகவும் இருக்கலாம், 1319ஆகவும் இருக்கலாம், 1338ஆகவும் இருக்கலாம். பட்டியலில் முதலாம் எட்வர்டு என்று பதிந்திருந்தார்கள். நெடுநேரம் காத்திருந்த பின் வந்த சுருளின் தலைப்பிலோ 'எட்வர்டு மன்னரின் மகனாகிய எட்வர்டு மன்னர்' என்றிருந்தது. அது இரண்டாம் எட்வர்டைக் குறிக்கும் வழக்கமான தொடர். நான் தேடிய சுருள் வேறு கிடங்கில் இருப்பதாகவும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்றும் அப்போதுதான் சொன்னார்கள். அன்றைய பயணம் வீண். புறப்படுமுன் மின்னஞ்சலில் சுருளின் முதல் வரியைக் கேட்டறிவது நல்லது.

1284இல் வேல்ஸில் உள்ள ஹார்லெக் கோட்டைக்கு முதலாம் எட்வர்டு மன்னர் விதித்த காவற்படை 30 பேர் மட்டுமே; அவர்களில் 10 பேர் குறுக்குவில் வீரர்கள், மேலும் ஒரு குருவானவர், கொல்லர், தச்சர், கொத்தனார். அமைதிக்காலக் கோட்டை நைட்டுகளால் (கவசமணிந்த குதிரைவீரர்களால்) நிரம்பியிருந்தது என்ற எண்ணத்தை இந்தச் சிறு எண்ணிக்கையே தகர்க்கிறது. தனியார் கோட்டை ஒன்றிலும் அப்படித்தானா என்று பார்க்கவே இத்தனை அலைச்சல்.

உரிய சுருள் கைக்கு வந்தபோது அந்தக் கசப்பெல்லாம் மறைந்தது. போரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ரொட்டி, பீர், சமையலறை, குதிரைலாயம் என்று செலவுகள் அடுத்தடுத்து நீண்டன. குதிரைகளுக்கான ஓட்ஸும் வைக்கோலும் மனிதர்களின் உணவுக்கு நிகரான இடத்தைப் பிடித்திருந்தன. கிறிஸ்தவ நோன்புக் காலமான தவக்காலத்தில் இறைச்சி மறைந்து, ஹெர்ரிங் மீன் நூறு நூறாக வருகிறது. மீன் கணக்கில் 'நூறு' என்பது பெரும்பாலும் 120 என்பதை நினைவில் கொள்ளாவிட்டால் கூட்டல் ஒருபோதும் பொருந்தாது. முதலாம் எட்வர்டின் போர்களில் நைட்டுக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங், காலாள் வில்வீரனுக்கு 2 பென்ஸ்; ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால் ஒரு நைட்டின் கூலியில் 12 வில்வீரர்களை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பார்த்தால், சில்லறைச் செலவுக்கும் அரைப் பென்னியை எழுதிவைத்த கணக்கரின் கவனம் விளங்கும்.

வாசிப்பறைக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை. பென்சில் கொண்டு செல்லுங்கள். கணக்காண்டு புனித மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29இல் தொடங்குவதால், ஒரே சுருளில் இரண்டு ஆட்சியாண்டுகள் கலந்திருக்கும். படமெடுக்கும் அனுமதிச் சீட்டை உள்ளே நுழையும் முன்பே வாங்கிவிடுங்கள். மாலையில் கட்டண மேசையை முன்னதாகவே மூடிவிடுகிறார்கள்.