துப்பாக்கிக்குச் செலவழித்தவர் உறைக்கும் செலவழிக்க வேண்டும்

பல்லடத்துக்கு அருகே 2024 நவம்பரிலும், சிவகிரிப் பக்கம் 2025 மே மாதத் தொடக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தனிச் சாளைகளில் குடியிருக்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் துப்பாக்கி உரிமம் பற்றிய பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. காங்கேயத்தில் தேங்காய்க் களம் நடத்தும் உறவினர் ஒருவர், .32 ரிவால்வருக்கு உரிமம் கிடைத்ததும், "மாமா, உறை எதுங்க வாங்கறது? கடையில காட்டறதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குதுங்க" என்று கேட்டார். துப்பாக்கியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் உறையைப் பற்றிக் கேட்பதில்லை. அவர் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நானும் உரிமம் வைத்திருப்பவன் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

உறை என்றால் துப்பாக்கியைச் சட்டென்று உருவுவதற்கு வசதியான ஒன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. இடுப்பில் துப்பாக்கி கட்டும் மனிதர் தம் வாழ்நாளில் அதை ஒருமுறைகூட உருவ நேராமல் போகலாம், அப்படிப் போவதுதான் நல்லது. ஆனால் கட்டியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் குனிகிறார், வண்டியில் ஏறி இறங்குகிறார், பேரக் குழந்தையைத் தூக்குகிறார். அந்த நேரம் முழுவதும் விரலோ, சாவிக்கொத்தோ, சட்டை நுனியோ டிரிக்கரை, அதாவது சுடும் விசையை, தொடாதபடி காப்பதும், துப்பாக்கி வைத்த இடத்திலேயே இருக்கும்படி பிடித்துக்கொள்வதும்தான் உறையின் முதல் வேலை.

சட்டமும் இதையேதான் எதிர்பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்பவர் அதற்கென்று செய்யப்பட்ட உறையிலோ அதைப் போன்ற பையிலோ, வெளியே தெரியாதபடி முழுவதும் மறைத்து, தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் வெள்ளைச் சட்டையைச் சற்றே தூக்கிக் கைப்பிடியைக் காட்டிக்கொள்ளும் பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கௌரவம் அல்ல, விதிமீறல். கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

உறை வாங்கும் முன் உங்கள் துப்பாக்கி எந்த வகை என்று பாருங்கள். நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் .32 ரிவால்வர்களுக்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு. பழைய மாதிரி, குழல் முன்பக்கமாக மடிந்து திறப்பது. 2014இல் கான்பூரில் அறிமுகமான நிர்பீக் என்ற மாதிரி, டைட்டானியம் கலவையால் ஆனது, ஏறத்தாழ 500 கிராம் எடைதான். 2023இல் வந்த பிரபல் என்ற மாதிரி, தோட்டாக்களை வைக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பது, 700 கிராம் அளவுக்கு இருக்கும். ஒன்றுக்கு அச்சுப் பிடித்துத் தைத்த உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. "எல்லாத் துப்பாக்கிக்கும் சேரும்" என்று விற்கப்படும் நைலான் உறைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் சேர வேண்டுமானால் அது எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது.

அந்த நைலான் உறையில் இன்னும் பெரிய ஆபத்து அதன் வாய்ப் பகுதியில் இருக்கிறது. துப்பாக்கியை உருவியதும் வாய் தளர்ந்து மடிந்துகொள்ளும். திரும்பச் சொருகும்போது அந்த மடிப்பு டிரிக்கர் வளையத்துக்குள் நுழைந்து விசையை அழுத்தக்கூடும். நல்ல தோல் உறையில் வாயைச் சுற்றி இன்னொரு தடித்த தோல் பட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள், சில உறைகளில் உள்ளே மெல்லிய தகடும் இருக்கும். துப்பாக்கி இல்லாத நேரத்திலும் வாய் திறந்தே நிற்க வேண்டும். டிரிக்கர் வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். மூடினால் மட்டும் போதாது, வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் உறையின் சுவர் உள்வாங்கி விசையைத் தொடக் கூடாது. கைடெக்ஸ் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறைகள் இந்த ஒரு விஷயத்தில் தோலைவிட நம்பகமானவை. ஆனால் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அவற்றைப் போட்டுவைக்காதீர்கள். சூட்டில் வடிவம் மாற வாய்ப்பு உண்டு.

கடையில் கிடைக்காவிட்டால் அளவு கொடுத்துச் செய்யலாம். ஈரோட்டில் தோல் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கியை அவர்களிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது குற்றம். தச்சரிடம் சொல்லி, டிரிக்கர் வளையமும் சிலிண்டரின் புடைப்பும் சரியாக அமையும்படி மரத்தில் ஓர் அச்சு செய்து கொடுங்கள். தோலை நனைத்து அந்த அச்சின் மேல் அழுத்திக் காயவிட்டால், சிலிண்டர் இருக்கும் இடம் குழிந்து துப்பாக்கியைத் தானே பிடித்துக்கொள்ளும். உறை வந்ததும், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியைச் சொருகி, மெத்தையின் மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். விழுந்தால் அந்த உறை வேண்டாம். மேலே ஒரு பொத்தான் பட்டையும் இருப்பது நம் பக்கத்து வாழ்க்கைக்கு அவசியம். பைக்கிலும் டிராக்டரிலும் போகிறவர்களுக்கு அது இல்லாமல் சரிவராது.

அடுத்து வேட்டி. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். நம் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் பணத்துக்கும் அலைபேசிக்கும் ஏற்றது; 700 கிராம் இரும்பைத் தொங்கவிட்டால் ஒரு பக்கமாகச் சரிந்து, கைப்பிடி வெளியே துருத்தும். அதன் பையில் துப்பாக்கியை வைப்பதோ இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே டிரிக்கரை மறைக்க எதுவும் இல்லை. துப்பாக்கி கட்டும் நாளில் பேண்ட் அணியுங்கள், இரட்டைத் தோல் வைத்துத் தைத்த ஒன்றரை அங்குல பெல்ட் போடுங்கள், உறையின் துளைகள் அந்த அகலத்துக்குச் சரியாக இருக்கட்டும். வேட்டியில்தான் போக வேண்டும் என்ற நாளில் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போகலாம்.

வலது இடுப்பின் பின்புறம் கட்டினால் நடக்கும்போது சுகம், கார் இருக்கையில் அமர்ந்தால் குத்தும். குத்துகிறது என்று கழற்றிப் பக்கத்து இருக்கையிலோ டாஷ்போர்டுப் பெட்டியிலோ வைப்பதில்தான் தவறுகள் தொடங்குகின்றன, இறங்கும்போது மறந்துவிடுவார்கள். ஆகவே வாங்கும் இடத்திலேயே நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். கழிப்பறைக்குப் போகும்போது துப்பாக்கியை மட்டும் உருவிக் கொக்கியில் மாட்டாமல், உறையோடு சேர்த்தே கழற்றிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் சொருகுவதில் அவசரமே கூடாது. உருவுவதற்கு விரைவு தேவைப்படலாம், சொருகுவதற்கு ஒருபோதும் தேவைப்படாது. விரலை வளையத்துக்கு வெளியே நீட்டி, சட்டையை இடது கையால் விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக உள்ளே விடுங்கள். பழைய வகை ரிவால்வர் வைத்திருப்பவர்கள் சுத்தியலுக்கு (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பகுதிக்கு) நேரே உள்ள சிலிண்டர் அறையைத் தோட்டா போடாமல் காலியாக விடுவது நல்ல பழக்கம். ஒரு தோட்டா குறைவதால் பாதுகாப்பு குறைந்துவிடாது.

ஈரோடு, கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் உறையின் உட்புறம் வியர்வையில் நனைந்துவிடும். தோல் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், இரவில் துப்பாக்கியை உறைக்குள்ளேயே விட்டால் இரும்பில் துருப்பிடிக்கும், தோட்டாவின் பித்தளையில் பச்சை பூக்கும். வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் தடவி, துப்பாக்கியைத் தனியாகப் பூட்டுங்கள். உறை காற்றில் காயட்டும், வெயிலில் வேண்டாம்.

தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கும்போதும் இதே காரணத்தால் உறையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக் கணக்கும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். திரும்பப் பெற்றதும் சிலிண்டரைத் திறந்து காலி என்று உறுதிசெய்துகொண்டு, பழைய உறையில் மறுபடியும் பொருத்திப் பாருங்கள். வாரக்கணக்கில் சும்மா கிடந்த தோல் இறுகியிருக்கக்கூடும், பொத்தான் பட்டை முன்போல எட்டாமலும் போகலாம்.