பெலும்

லோம்போக் தீவின் கிழக்குத் துறைமுகத்தில் என் கையில் இருந்த பட்டியலில் 16 பெயர்கள். முதுகுப்பைகளோடு படகுத்துறையில் நின்றவர்கள் 18 பேர்.

இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவும் அவருடைய மகளும்தான் கூடுதல். அவர்களிடம் பணம் கட்டிய ரசீது இருந்தது. வேறொரு முகவர் அவர்களுக்கு எங்கள் படகில் இடம் பதிவு செய்துவிட்டு எங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தார். இந்தோனேசியாவில் துறைமுக அதிகாரி அனுமதி கொடுத்தால்தான் படகு கிளம்ப முடியும். அவரிடம் கொடுக்கும் பட்டியலில் ஏறுகிற ஒவ்வொருவரின் பெயரும் இருக்க வேண்டும். புதிய பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி வருவதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. இதற்கிடையில் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணினேன். 20 இருந்தன. பயணிகள் 18, படகுக்காரர்கள் 5, நான் ஒருவன். பக்கத்துப் படகிலிருந்து நான்கை வாங்கி வந்து சேர்த்தேன்.

முதுகுப்பைப் பயணிகளைச் சிறு குழுக்களாகக் கூட்டிச் செல்லும் ஒரு நிறுவனத்தில் அப்போது வழிகாட்டியாக வேலை பார்த்தேன். நான்கு பகல், மூன்று இரவு. லோம்போக்கில் ஏறி, சும்பாவா தீவின் வடகரையை ஒட்டிச் சென்று, கொமோடோ தீவுகள் வழியாக ஃபுளோரெஸ் தீவின் லாபுவான் பாஜோவில் இறங்க வேண்டும். அந்தப் பாதையில் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் பயணம் அது. நேரத்தைக் காப்பாற்றுவதும், குழுவை மகிழ்ச்சியாக வைத்திருப்பதும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். பயிற்சியிலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

படகு மரப்படகு. மேல்தளத்தில் மெத்தைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் புரண்டு படுத்தால் அடுத்தவர் தோளில் இடிக்கும். கழிப்பறை இரண்டு. குடிநீர் போக மற்ற நன்னீருக்கு ஒரே தொட்டி. 16 பேருக்குக் கணக்கிட்ட இடத்தில் 18 பேர் படுத்ததால் முதல் இரவே மெத்தைச் சண்டை தொடங்கியது. இரண்டு பேர் பைகளின் மேல் படுத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. யாரோ உப்பு போகத் தலைக்குக் குளித்திருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முகம் கோணும் என்று விட்டுவிட்டேன்.

கேப்டன் அதிகம் பேசாதவர். அவரை நான் 'பாக்' என்று அழைத்தேன். வயதில் மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை 'அடிக்' என்பார். தம்பிக்கும் தங்கைக்கும் பொதுவான சொல் அது. அவர்கள் மொழியில் கப்பலுக்கு 'காப்பால்' என்று பெயர். அது எங்கள் மொழியிலிருந்து வந்த சொல் என்று முதல் நாள் அவரிடம் சொன்னேன். சுக்கானிலிருந்து கையை எடுக்காமலே திரும்பி, "அப்படியென்றால் உன் ஆட்கள் பழைய கடலோடிகள். உனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை" என்றார். அந்த நம்பிக்கைக்கு நான் இரண்டு நாள்கூட நியாயம் செய்யவில்லை.

மோயோ தீவின் அருவிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் இறங்கியபோது அந்த அம்மா மட்டும் படகிலேயே இருந்துகொண்டார். களைப்பு என்றார். அடுத்த இடத்தில் எல்லாரும் மூச்சுக்குழாய் முகமூடியோடு நீரில் குதித்தபோது அவர் மகளின் கேமராவைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

சாத்தோண்டாவில் குழப்பம் முற்றியது. எரிமலை வாய்க்குள் கடல்நீர் நிறைந்து உண்டான ஏரி அங்கே இருக்கிறது. தீவின் நடுவே, சுற்றிலும் காடு, நீர் மட்டும் உப்பு. எதிரே சும்பாவாவில் தம்போரா மலை. 1815 ஏப்ரலில் அது வெடித்து எழுப்பிய தூசும் வாயுவும் உலகத்தைச் சுற்றியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. இதையெல்லாம் உற்சாகமாக விளக்கிவிட்டு, திரும்பும்போது படகில் எண்ணினால் 17 பேர். ஓர் இளைஞர் யாரிடமும் சொல்லாமல் குன்றின் மேல் காட்சி பார்க்க ஏறியிருந்தார். அவரைத் தேடிக் கூட்டி வந்தபோது சூரியன் மறைந்திருந்தது. மாலை நான்கு மணிக்கு எடுத்திருக்க வேண்டிய நங்கூரத்தை ஏழு மணிக்கு எடுத்தோம்.

அந்த மூன்று மணி நேரத்தின் விலை எனக்கு அப்போது தெரியாது. விடியும்போது கண் விழித்தால் எஞ்சின் சத்தமே இல்லை. சும்பாவாவின் வடகிழக்கு முனைக்கு உள்ளே ஒரு விரிகுடாவில் படகு நங்கூரமிட்டிருந்தது. எதிரே சங்கெயாங் எரிமலை. அதற்கு அப்பால் சாப்பே நீரிணை. அதைத் தாண்டினால் கொமோடோ.

"பாக், கிளம்பலாமா?"

"பெலும்."

இந்தோனேசிய மொழியில் 'இல்லை'க்கு வேறு சொல் உண்டு. பெலும் என்றால் 'இன்னும் இல்லை'. எந்தக் கேள்விக்கும் கதவை அடைக்காமல் பதில் சொல்லும் பண்பான சொல். நான் அதைக் கொஞ்ச நேரத்தில் வரப்போகும் 'ஆம்' என்று எடுத்துக்கொண்டேன். மேலே போய், "அரை மணியில் கிளம்பிவிடுவோம்" என்று அறிவித்தேன்.

ஒன்பது மணிக்கு மறுபடி கேட்டேன். பெலும். "பத்தரைக்கு" என்று மேலே சொன்னேன். நண்பகலில் கேட்டேன். பெலும். "சாப்பாடு முடிந்ததும்" என்றேன். ஒவ்வொரு முறையும் அவர் சொல்லாத ஒரு மணியை நானே சேர்த்துச் சொன்னேன். பிற்பகல் இரண்டு மணிக்கு என் வார்த்தையை நம்ப ஒருவரும் இல்லை. மறுநாள் மாலை விமானம் இருந்தவர் டிக்கெட்டை நீட்டி, நிறுவனத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். தண்ணீரைத் தீர்த்தது யார் என்ற சண்டை மீண்டும் கிளம்பியது. வேறு படகு பேசித் தரும்படி இருவர் வற்புறுத்தினார்கள். காலையில் ஒரு மீன்பிடிப் படகு முனையைக் கடந்து போனதைப் பார்த்த ஒருவர், "அவர்கள் போகிறார்கள், நாம் ஏன் போகவில்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் கேப்டனிடம் கேட்டிருக்கவே இல்லை. எப்போது என்றுதான் மூன்று முறையும் கேட்டிருந்தேன்.

இன்னொன்றையும் மறைத்திருந்தேன். 2014 ஆகஸ்டில் லோம்போக்கிலிருந்து இதே பாதையில் வந்த ஒரு சுற்றுலாப் படகு இந்தப் பகுதியில் மூழ்கியது. பயணிகள் பல மணி நேரம் கடலில் கிடந்தார்கள்; சிலர் எதிரே தெரிந்த இதே சங்கெயாங் தீவை நோக்கி நீந்தினார்கள். எனக்குத் தெரியும். பயப்படுவார்கள் என்று சொல்லவில்லை. மூன்று மணிக்கு ஒருவர் அதைப் படித்ததாக நினைவுகூர்ந்து என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். படகு அமைதியானது.

நான்காவது முறை போனபோது கேள்வியை மாற்றினேன். "பாக், எதற்காகக் காத்திருக்கிறோம்?"

அவர் எழுந்து என்னைப் படகின் முன்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். முனைக்கு வெளியே கடல் வெள்ளையாகக் கோடு போட்டிருந்ததைக் காட்டினார். ஆகஸ்டு மாதம். தென்கிழக்குக் காற்றுக் காலம். இதுவரை சும்பாவாவின் மலைகள் எங்களுக்குச் சுவராக நின்றதால் காற்று தெரியவில்லை. முனையோடு சுவர் முடிகிறது. நீரிணையில் நீரோட்டம் தெற்கே இறங்கும்போது, தெற்கிலிருந்து வரும் காற்று அதன் முகத்தில் அடிக்கும். காற்றும் நீரும் எதிரெதிராக வந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். மரப்படகுக்கு அதுதான் ஆபத்து. நீரோட்டம் வடக்கே திரும்பினால் அலை படுத்துவிடும். எங்கள் கடற்கரையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். அதன் போக்கு அறியாமல் வலைகூட இறக்கமாட்டார்கள். முழுநிலவை ஒட்டிய நாட்கள் என்பதால் இழுப்பும் அதிகம். பகலில் நீரோட்டம் ஒருமுறை சாதகமாகத் திரும்பியது உண்மைதான், ஆனால் அந்த நேரம் காற்று உச்சத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றுசேர வேண்டும்.

"நேற்று நான்கு மணிக்குக் கிளம்பியிருந்தால் நள்ளிரவில் கடந்திருப்போம். ஏழு மணிக்குக் கிளம்பினோம். வந்து சேர்ந்தபோது நீர் திரும்பிவிட்டது. இன்று இரவு காற்று தூங்கினால் போவோம். தூங்காவிட்டால் போகமாட்டோம். தூங்குமா என்று எனக்குத் தெரியாது."

"இதை அப்படியே மேலே வந்து சொல்வீர்களா?" என்று கேட்டேன்.

வந்தார். மெத்தைகளின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து பேசினார். நான் ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். 'எனக்குத் தெரியாது' என்ற இடத்தில் என் நாக்கு தயங்கியது, அதையும் சொன்னேன். நாள் முழுக்க நான் சொன்ன நேரங்களால் சிதறிப்போன குழு, தெரியாது என்று ஒப்புக்கொண்ட மனிதரைச் சுற்றிக் கூடி உட்கார்ந்தது. விமான டிக்கெட்காரர்தான் முதலில் வாய் திறந்தார். சேமிக்க வேண்டிய தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார்.

பிறகு அந்த அம்மா கையை உயர்த்தினார். "எனக்கு நீந்தத் தெரியாது" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னால் ஏற்றிக்கொள்ளமாட்டீர்கள் என்று பயந்தேன்."

இரண்டு நாட்களாக அவர் ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மெத்தை இல்லாததால் என்று நினைத்திருந்தேன்.

காற்று தூங்கியது. இரவு பதினொன்றரைக்கு நங்கூரம் எடுத்தோம். அதற்கு முன் பைகளைக் கீழே இறக்கிக் கட்டினோம். சமையல்காரர் பானைகளைக் கயிற்றால் பிணைத்தார். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, மேல்தளத்தைக் காலி செய்து, கீழ்த்தளத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். ஆளுக்கு ஓர் எண் கொடுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை இருட்டில் நான் குரல் கொடுப்பேன். அவர்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும். இந்தோனேசிய எண்களிலேயே சொல்வோம் என்றார்கள்; படகுக்காரர்களுக்கும் புரியுமே.

சத்து. துவா. தீகா. வெவ்வேறு நாட்டுக் குரல்கள், வெவ்வேறு உச்சரிப்பு. முனையைக் கடந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. மரம் முனகியது. வாந்தி எடுத்தவர்களுக்கு வாளி கை மாறிப் போனது. நேற்று மெத்தைக்காகச் சண்டை போட்ட இருவரில் ஒருவர் மற்றவரின் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது எண்ணிக்கையில் பதினொன்று வரவில்லை. என் நெஞ்சு நின்றது. "இங்கேதான் இருக்கிறார், பேச முடியவில்லை" என்று பன்னிரண்டின் குரல் வந்தது. பிறகு 'செபெலாஸ்' என்று அழுகை கலந்த ஒரு குரல். அந்த அம்மா 17. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு முறையும் தன் எண்ணை மற்றவர்களைவிட உரக்கச் சொன்னார்.

சுக்கான் அருகே நின்ற கேப்டன் ஒவ்வொரு எண்ணிக்கை முடிந்ததும் விளக்கை ஒருமுறை அசைத்தார். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

விடியற்காலை, கொமோடோவை ஒட்டிய கிலி லாபா என்ற சிறு தீவின் பின்னால் நீர் கண்ணாடியாகக் கிடந்தது. புல் காய்ந்த பழுப்பு மலைகள், கீழே பச்சைக் கடல். யாரும் படம் எடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். பாடார் தீவையும் ரிஞ்சாவையும் விட்டுவிட வேண்டியிருந்தது. கொமோடோவில் மட்டும் இறங்கினோம். கவைக்கோல் பிடித்த வனக்காவலரின் பின்னால் நடந்து, மரநிழலில் படுத்திருந்த ஒரு பெரிய உடும்பைப் பார்த்தோம்.

லாபுவான் பாஜோவில் இறங்கியபோது விமானம் போய்விட்டிருந்தது. டிக்கெட்காரர் என்னைவிடக் கேப்டனிடம்தான் நீண்ட நேரம் விடைபெற்றார். அவர் புகார் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் சொன்ன பொய் நேரங்களைப் பற்றி எழுதியிருக்கலாம். அது நியாயமாகவே இருந்திருக்கும்.

அலுவலகப் படிவத்தில் தாமதத்துக்கான காரணத்துக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: வானிலை, எஞ்சின், பிற. மூன்றாவதைக் குறித்து, பட்டியலில் இல்லாத இருவர் முதல் சாத்தோண்டாவில் போன மூன்று மணி நேரம் வரை இரண்டு பக்கம் எழுதினேன். நான் சேர்த்துச் சொன்ன நேரங்களையும் எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு அடுத்த பயணத் தேதியைக் கேட்டார், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அதே துறை, அதே படகு. பட்டியலில் 16, நின்றவர்கள் 16. லைஃப் ஜாக்கெட் 24. ஏறுவதற்கு முன் அவர்களைப் படகுத்துறையிலேயே உட்காரவைத்தேன். கேப்டனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். நீந்தத் தெரியாவிட்டாலும் ஏற்றிக்கொள்வோம், எனக்குத் தெரிந்தால் போதும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேட்டேன்.

நான்கு கைகள் உயர்ந்தன.