தாயின் கையொப்பம் எங்கே? யாழ்ப்பாணத்திலிருந்து சுடுகளம் போன கதை

கொழும்புப் பக்கம் பொதுமக்களையும் உள்ளே விடும் சுடுகளம் ஒன்றுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக நினைக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் சொன்னதை நம்பி பஸ் ஏறாதீர்கள். "பெரியவர் ஒருவர் கூட வந்தால் போதும், மிஸ்" என்று இனிமையாகச் சொன்ன அதே குரல்தான் எங்களை நேரில் கண்டதும் "தாயின் கையொப்பம் எங்கே?" என்று கேட்டது. இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கி, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் முகம் கழுவி, தேநீர்கூடக் குடிக்காமல் ஓடிப் போய் நின்ற எங்களிடம்!

என் பெறாமகளுக்கு, அக்காவின் மகளுக்கு, வயது 14. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் தங்கப் பதக்கம் பெண்களுக்கான 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில்தான் வழங்கப்பட்டது. அதே போட்டியில் இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல சுட்டதை எங்கேயோ காணொளியில் பார்த்துவிட்டாள். அன்று பிடித்த பிடி. அக்காவைச் சம்மதிக்கவைத்தது தனிக்கதை. துவக்குச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவள் அவள். "காசு கொடுத்து அதைத் தொடப் போகிறாளா?" என்றாள். அது காற்றழுத்தத்தில் இயங்குவது, 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு, 10 மீற்றர் தள்ளிக் கடதாசி அட்டை, வெடிமருந்தே கிடையாது என்று விளக்கினேன். "கடதாசி ஓட்டையாகிறதுதானே?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் போகவிட்டாள்.

அந்தச் சம்மதத்தைத்தான் கருமபீடத்தில் எழுத்தில் கேட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாய் அல்லது தந்தை கையெழுத்திட்ட படிவம் வேண்டும், சின்னம்மா செல்லாது. விதி நியாயமானதுதான். யார் பிள்ளையையோ யாரோ கூட்டி வந்து கையில் துவக்கைக் கொடுக்கச் சொன்னால் நானும் இதைத்தான் கேட்பேன். கோபம் விதியில் இல்லை. முற்பணம் வாங்கும்போதும், நேரம் ஒதுக்கும்போதும், பிள்ளையின் வயதை நானே சொன்னபோதும் இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதில்தான். அக்காவிடம் கையெழுத்து வாங்கிக் கைப்பேசியில் படமாக அனுப்பச் சொல்கிறேன் என்றேன். மூலப்பிரதி வேண்டுமாம். அடுத்து, பிள்ளையின் தேசிய அடையாள அட்டையைத் தாருங்கள் என்றார் எழுதுநர். 15 வயது நிரம்பாத பிள்ளைக்கு அடையாள அட்டை ஏது என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது, மிஸ்." பிறப்புச் சான்றிதழின் இலக்கத்தைப் போடலாம் என்று பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து சொல்லும்வரை அந்தக் கட்டமும் நாங்களும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரச கரும மொழியாக்கிய நாடு இது. தனியார் கழகத்தை அது கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் "ஆபத்தை விளங்கிக்கொண்டு சம்மதிக்கிறேன்" என்று ஒருவரிடம் கையெழுத்து வாங்கும் தாள், அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டாமா? அன்று திரும்பி வந்தோம். பிள்ளை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இருவருக்கும் சேர்த்துப் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் தாள் சேர்ப்பது நான் பயந்ததைவிட எளிது. பிள்ளையும் நானும் இன்ன உறவு என்று விதானையார் கடிதம் தந்தார். "சுடுகளமா?" என்று கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. பாடசாலை அதிபரின் கடிதத்தைக் கழகம் கேட்கவில்லை. இனியும் வெறுங்கையோடு போய் நிற்பதில்லை என்ற வீம்பில் அதையும் வாங்கினேன், அது பின்னர் உதவியது. அத்தான் வெளிநாட்டில் இருப்பதால் அக்கா ஒருத்தியின் கையெழுத்தே போதுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னவர் அடுத்த நாள் விடுமுறையில் இருப்பார், மின்னஞ்சல் விடுமுறை எடுக்காது. தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அதற்குக் கொடுத்த காசில் பிள்ளை இன்னொரு முறை சுட்டிருக்கலாம்.

மறுமுறை கருமபீடத்தில் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்தேன். எழுதுநர் குறை தேடினார். அகப்படவில்லை. கடைசியில் "பாடசாலைக் கடிதம்?" என்றார், பட்டியலில் இல்லாத ஒன்றை. அதையும் எடுத்து வைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதினால் அற்பத்தனமாகத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கருமபீடத்துக்கு அப்பால் வேறு உலகம். களப் பொறுப்பதிகாரி ஓய்வுபெற்ற படையாள் என்பதை அவர் நடையே சொல்லியது. யாழ்ப்பாணத்திலிருந்து போகும் எங்களுக்கு அந்த நடையைக் கண்டதும் வயிற்றில் ஒன்று இறுகும், சொல்லாமல் இருக்கமுடியாது. ஆனால் மனிதர் அருமையானவர். எதைச் சொன்னாலும் முதலில் சிங்களத்தில், பிறகு உடைந்த தமிழில், பிறகு கையால் செய்து காட்டி, மூன்று தரம் சொன்னார். பிள்ளையை "துவ" என்று, அதாவது சிங்களத்தில் மகள் என்று, அழைத்தார். விதிகளை வாசித்துக் காட்டவில்லை. ஒவ்வொன்றையும் பிள்ளையைக்கொண்டு திருப்பிச் சொல்லவைத்தார். துவக்கில் குண்டு இல்லை என்று யார் சத்தியம் செய்தாலும் இருக்கிறது என்றே நினைக்கவேண்டும். குழல் வாய் எப்போதும் இலக்குச் சுவரை நோக்கியே இருக்கவேண்டும். சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. சுடும் கோட்டுக்கு முன்னால் ஒரு மனிதர் நின்றாலும் துவக்கில் கை படக்கூடாது.

சுடாத நேரத்தில் குழலுக்குள் செம்மஞ்சள் நிற பிளாஸ்டிக் இழை ஒன்று செருகியிருக்கும். பின்பக்கம் குண்டு போடும் வாயிலும் அதன் நுனி தெரியவேண்டும். தெரிந்தால் குழல் வெறுமை, எவரும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். அந்த இழையை எடுக்கும் உரிமை அதிகாரி கட்டளையிட்ட பிறகுதான் வரும். இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும், களத்தில் நுழைந்ததும் வரிசையாக அந்த நிறம் தெரிகிறதா என்று கண் தானாகத் தேடும்.

வலக்கைக்காரியான பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கம் என்பது அங்கேதான் தெரிந்தது. இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு ஓட்டை விட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடச் சொன்னார். வலக்கண்ணால் பார்த்தபோது மணிக்கூடு மறைந்துபோனது. உடனே இடக்கண்ணை மறைக்கச் சிறிய வெள்ளை அட்டையைத் தலைப்பட்டியில் பொருத்தினார். கண்ணை இறுக்கி மூடினால் மற்றக் கண்ணும் களைத்துவிடுமாம். புதிதாகப் போகிறவர்கள் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டுப் போகலாம், காசில்லை.

விசையைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். சர்வதேசப் போட்டி விதிகளில் எயார் ரைபிளின் விசைக்குக் குறைந்தபட்சப் பாரம் என்று ஒன்று இல்லை. போட்டிக்கென்று சரிசெய்த துவக்கில் விரல் நுனி பட்டாலே குண்டு போய்விடும். திரைப்படத்தில் பார்ப்பதுபோல இழுக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் குண்டைக் கூரைக்கு அனுப்புவது இதனால்தான். அந்தக் கூரையில் ஓட்டைகள் இருந்தன, நான் எண்ணவில்லை.

இனி, அன்று நடந்ததற்கு வருகிறேன். எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி நண்பர் கூட்டம் ஒன்று. நல்ல உடுப்பு, நல்ல வாசனை, மட்டில்லாத சத்தம். சுடுபவரின் பின்னால் நின்று பேசக்கூடாது, மற்றவரின் துவக்கைத் தொடக்கூடாது, படம் எடுப்பதென்றால் அதிகாரியைக் கேட்டு எடுக்கவேண்டும் என்று அவர்களுக்கும்தான் சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவர் குண்டு போட்ட துவக்கைத் தாங்கியிலிருந்து தூக்கிக்கொண்டு, தம்மைப் படமெடுக்கும் நண்பரைப் பார்த்துச் சிரித்தபடி திரும்பினார். குழலும் அவரோடு திரும்பியது. எங்கள் வரிசை முழுவதையும் தடவிக்கொண்டு வந்தது.

"ஸ்டொப்!"

பொறுப்பதிகாரிக்குள் அவ்வளவு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டே எட்டில் போய் ஒரு கையால் குழலைச் சுவர்ப்பக்கம் தள்ளி, மறு கையால் துவக்கை வாங்கினார். வாங்கிய பிறகு கத்தவில்லை. "வெளியே" என்றார், அவ்வளவுதான். காற்றுத் துவக்குத்தானே என்று அவர் வாதாடினார். வினாடிக்கு ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தில் வரும் ஈயம் கண்ணில் பட்டால் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியுமா? கட்டிய காசைத் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கருமபீடம் என்ன பதில் சொல்லியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கழகத்தின்மீது எனக்கு முதன்முதலாக அன்பு பிறந்த கணம் அது.

கட்டளை வந்தபோது எங்கள் பிள்ளையின் துவக்கிலும் குண்டு இருந்தது. இந்த இடத்தில்தான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். நிறுத்தச் சொன்ன பிறகு, உள்ளே கிடக்கிறதே என்று கடைசிக் குண்டைச் சுட்டுத் தீர்த்துவிடுவார்கள். அது போட்டியென்றால் அந்தச் சூட்டுக்குப் புள்ளி கிடையாது, சாதாரண நாளென்றால் யாரோ ஒருவர் முன்னால் போயிருக்கக்கூடும். இவள் விரலை எடுத்தாள். துவக்கைத் தாங்கியில் அசையாமல் விட்டு, குழல் இலக்கை நோக்கியபடியே இருக்க, இடக்கையை உயர்த்தினாள். அதிகாரி அவளிடம் வரச் சிறிது நேரமானது. அதுவரை கை கீழே இறங்கவில்லை, நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. வந்து பார்த்தவர், தாம் பக்கத்தில் நின்று அந்த ஒரு குண்டை இலக்கில் சுடவைத்து, இழையைச் செருகவைத்து, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி "துவ செய்ததுதான் சரி" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், முகத்தை அவளுக்குக் காட்ட விரும்பவில்லை.

சுட்ட கணக்கைக் கேட்கிறீர்களா? அட்டையின் நடுப்புள்ளி, அதாவது பத்துப் புள்ளி தரும் இடம், அரை மில்லிமீற்றர் அகலம். குண்டின் விளிம்பு பட்டாலே போதும் என்பது மட்டும் ஆறுதல். அவளுடைய குண்டுகள் இடப்பக்கக் கீழ் மூலையில் கூட்டமாக விழுந்திருந்தன. கூட்டமாக விழுந்தால் நல்லது, குறியைத் திருத்திவிடலாம், சிதறினால்தான் வேலை அதிகம் என்றார் அதிகாரி.

இன்னும் சில. மூடிய சப்பாத்து அணிந்து போங்கள், பாட்டாவோடு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். பக்கத்துக் களத்தில் வெடிமருந்துள்ள 5.6 மில்லிமீற்றர் ரவை சுடுவார்கள், அதற்குக் காதடைப்பான் வேண்டும். அங்கே தருவது தளர்வாக இருந்தால் வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள். குண்டு ஈயம் என்பதால் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் வடையைத் தொடாதீர்கள், பிள்ளைகளைக் குண்டை வாயில் வைக்க விடாதீர்கள். சிற்றுண்டிச்சாலை களத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இது மறந்துபோகும்.

நம்மவர்களுக்கென்றே ஒன்று. தரையில் வெற்று ரவைக் கோதுகள் பளபளவென்று கிடக்கும். பிள்ளைகள் ஞாபகத்துக்கு ஒன்று எடுக்கப் பார்ப்பார்கள். எடுக்கவிடாதீர்கள். இரவுப் பஸ்ஸை நிறுத்தி யாராவது பைகளைத் திறக்கச் சொன்னால், அதை நினைவுப்பொருள் என்று எந்த மொழியில் விளக்குவீர்கள்? நான் புறப்படும் முன்னர் பிள்ளையின் பையை, காற்சட்டைப் பைகளை, பென்சில் பெட்டியைக்கூட உதறிப் பார்த்தேன். சுட்ட அட்டையை மட்டும் அதிகாரியிடம் கேட்டு, அவர் கையெழுத்தோடு கொண்டுவந்தோம். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, "அடுத்தது எப்போதாம்?" என்று கேட்டாள்.

படிவத்தின் கதை மிச்சம் இருக்கிறது. பிள்ளை சுட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வாங்கில் இருந்து, அந்தச் சம்மதப் படிவம் முழுவதையும் தமிழில் எழுதி முடித்தேன். மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இல்லாத வெறும் கையெழுத்துத் தாள்தான். அதிகாரி வாங்கிப் பார்த்து, தாமே கருமபீடத்துக்குக் கொண்டுபோய், போட்டோப் பிரதிகள் எடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார். எழுதுநர் வைத்தார், என் கண் முன்னாலேயே. ஆகவே போகிறவர்கள் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். இல்லை என்றுதான் முதலில் சொல்வார். மஞ்சள் கோப்பு, அவருக்குப் பின்னாலுள்ள அலுமாரியில் இரண்டாவது தட்டு.