அவர் இல்லை என்றார்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் நான் கேட்ட கேள்வி சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் பதில் சொன்ன பிறகு நான் பேசாமல் இருந்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கொலுசின் கண்ணிகளைப் பற்றவைக்கும்போது மட்டும் அவருக்கு வலது கை நடுங்கும். சாப்பிடும்போது நடுங்காது, வண்டி ஓட்டும்போது நடுங்காது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் மனநல ஆலோசகரான என்னிடம் அனுப்பிவிட்டார்கள். அப்பா இறந்த பிறகு, அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவருடைய குறடைப் பிடித்து வேலை செய்யத் தொடங்கியபோதுதான் நடுக்கமும் தொடங்கியதாம். மனதில் மறைந்திருப்பதே அறிகுறியாக வெளிவருகிறது என்று பார்ப்பது என் துறையான உளஇயக்கவியல். இதைக் கேட்டால் அதைப் படித்த எவரும் காதைத் தீட்டிக்கொள்வார்.

“அப்பா மேல் கோபம் ஏதாவது இருந்ததா?”

“இல்லை மேடம். அப்பா எனக்குச் சாமி.”

நான் காத்திருந்தேன். மௌனத்தை நிரப்பாதே, அதற்குள்ளிருந்து அடுத்தது வரும் என்பது எங்கள் பயிற்சி. வந்தது இதுதான்: “இருந்தது என்று சொன்னால்தான் கை சரியாகுமா, மேடம்?”

அவர் கிண்டல் செய்யவில்லை. டாக்டர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்கிற மனிதர். நான் தலையை லேசாக ஆட்டியிருந்தால் இல்லாத கோபத்தையும் ஒப்புக்கொண்டிருப்பார். நான் ஆட்டவில்லை. “அப்படி இல்லை” என்று சொல்லிவிட்டுப் பட்டறையில் வெளிச்சம் எப்படி, எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்று பேச்சை மாற்றினேன். அன்று குறிப்பேட்டில் ‘எதிர்ப்பு’ என்று எழுதினேன். நோயாளி மறுப்பதே மறைந்திருப்பதற்கு அறிகுறி என்ற பொருளில் எங்கள் துறை ஆளும் சொல் அது.

இதற்கு, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டே முன்னோடி. மறுப்பைப் பற்றி 1925இல் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு நோயாளி வருகிறார்: கனவில் வந்தது என் அம்மா இல்லை என்கிறார், அப்படியென்றால் அம்மாதான் என்கிறார் ஃபிராய்டு. ‘டோரா’ என்று அவர் பெயரிட்ட பதினெட்டு வயதுப் பெண்ணின் மறுப்புகளையும் இப்படித்தான் படித்தார். அவள் 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் சிகிச்சையை விட்டுப் போய்விட்டாள். தலை விழுந்தால் நான் வென்றேன், பூ விழுந்தால் நீ தோற்றாய் என்பதுபோல் இருக்கிறதே என்ற குற்றச்சாட்டை 1937இல் அவரே எடுத்துப் பேசினார். ஆமாம் என்பதையும் அப்படியே நம்புவதில்லை, அதன்பின் தானாக எழுந்து வரும் நினைவுகளைத்தான் பார்க்கிறோம் என்பது அவர் பதில். நேர்மையான பதில்தான். ஆனால் அந்த நினைவுகள் எழும்வரை காத்திருக்க, வாரத்துக்கு ஆறு நாள் வரும் நோயாளிகள் அவருக்கு இருந்தார்கள். என் நோயாளிக்கு எடைக்குக் கூலி. என்னைப் பார்க்க வரும் நாளில் கூலி கிடையாது. மனைவியும் உடன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். செத்துப்போன மாமனாரைப் பற்றி அவர் எதிரே என்னதான் எழும்?

தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்ன உதாரணம் இங்கே நினைவுக்கு வரும். குழந்தையைத் தண்ணீரில் தள்ளிக் கொல்பவனையும், குழந்தையைக் காப்பாற்ற உயிரை விடுபவனையும் ஒரே கோட்பாட்டால் விளக்க முடியுமானால் அந்தக் கோட்பாடு எதையும் பணயம் வைக்கவில்லை. படிக்கும்போது இது தத்துவக்காரரின் குதர்க்கமாகத் தெரிந்தது. எதிரே ஒருவர் ‘இல்லை’ என்று உட்கார்ந்திருக்கும்போது அப்படித் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுதும்போது மட்டும் விரல் இறுகிக்கொள்ளும் நோயை வெகுகாலம் மனக்கோளாறு என்றே சொல்லிவந்தார்கள். அது மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டில் வரும் கோளாறு என்று 1982இல் இரண்டு நரம்பியலாளர்கள் வாதிட்டார்கள். இன்று அதுவே பொதுக்கருத்து. குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வரும் நடுக்கங்களும் உண்டு. ஸ்கேனில் தெரியவில்லை என்பதாலேயே நரம்பில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அதனால் அவரை மறுபடியும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். எந்த உளஇயக்கவியலாளரும் செய்ய வேண்டியது அது. இதற்குத் தனிப் பாராட்டு எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதே உண்மை.

ஆனால் வேறு எந்த அணுகுமுறை அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கும்? என் சக ஆலோசகர், இன்றைய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அளிப்பவர். நடுக்கம் வரும் நேரத்தைக் குறித்து வரச் சொல்லித் தாள் கொடுத்திருப்பார். பயனுள்ள தாள்தான். அதில் குறடு வராது. ஆடிப் பண்டிகைக்குப் பட்டறை மூடித் திறந்த பிறகு வந்தபோது, உட்காரும் இடத்தைக் கதவோரம் மாற்றிவிட்டதாகவும் நடுக்கம் பாதியாகக் குறைந்ததாகவும் சொன்னார். “வெளிச்சம்தான் பிரச்சினை போல, மேடம்.” எழுந்து போகும்போது, அப்பாவின் குறடைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு அவன் குறடை வாங்கிக்கொண்டதையும் சொன்னார். “இரண்டும் ஒரே கனம்தான். சும்மா மாற்றினேன்.”

சும்மாவா? கற்ற வித்தை உடனே துள்ளியது. இதுதானே ஃபிராய்டு சொன்ன, தானாக எழுந்து வரும் சாட்சி? குறடை மாற்றாமல் வைத்திருந்தால், அப்பாவை விட முடியவில்லை என்றிருப்பேன் என்பதும் உடனே உறைத்தது.

கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஈடிப்பஸ் சிக்கல், அதாவது அம்மாவுக்காக அப்பா மேல் மகனுக்கு உள்ளூர எழும் போட்டி, தன் இந்திய நோயாளிகளிடம் வேறு வடிவத்தில் வருவதாக ஃபிராய்டுக்கே எழுதினார். அப்பாவைச் சாமி என்பது கோபத்தின் மூடி என்று ஃபிராய்டின் வியன்னாவிலிருந்து படிக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் அது வெறும் மரியாதையாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

உளஇயக்கவியல் சிகிச்சையின் பலன் சிகிச்சை முடிந்த பிறகும் வளர்வதாக 2010இல் ஜோனதன் ஷெட்லர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். அதைச் சொல்லி நானும் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் நான் செய்தது சிகிச்சையா, ஒரு கேள்வியும் ஒரு மௌனமும் மட்டுமா? இடத்தை மாற்றியதே போதுமான காரணமாக இருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போது அவர் வருவதில்லை. கை நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னார். எதனால் சரியானது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் அதை என் பக்கம் சேர்த்துக்கொள்ள எனக்கு வழி தெரியும்.