கருத்துக்கணிப்பில் என் பதிலையும் சேர்க்கப் பட்ட பாடு

அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஒப்பந்தத்தைத் திருத்துவதற்கான தேதி நெருங்கியதால், நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவதற்கு முன்பு உறுப்பினர்களின் விருப்பங்களை அறிய எங்கள் விமானிகள் சங்கம் ஒரு கருத்துக்கணிப்பைத் தொடங்கியது. அதை நிரப்புவது பெரிய வேலை இல்லை. நிரப்பும் உரிமையைப் பெறுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு எங்கள் சங்கத்தில் வாக்குரிமை கிடையாது. அந்தக் காலம் முடிந்ததும் முழு உறுப்பினராவதற்கு விண்ணப்பம் தர வேண்டும். நான் உரிய நேரத்தில் தந்திருந்தேன். சம்பளத்திலிருந்து பணமும் தவறாமல் பிடிக்கப்பட்டு வந்தது. ஆனால் சக விமானிகளுக்கெல்லாம் வந்துவிட்ட கருத்துக்கணிப்பின் இணைய இணைப்பு எனக்கு மட்டும் வரவில்லை. உறுப்பினர் பிரிவை அழைத்துக் கேட்டபோது, பணம் கட்டுபவர் எல்லாரும் உறுப்பினராகிவிட மாட்டார்கள் என்று எதிர்முனையில் இருந்தவர் பாடம் நடத்தினார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். விமானத் துறைக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டம், சங்கத்தில் சேர விரும்பாதவரிடமும் சேவைக் கட்டணம் வசூலிக்க இடம் தருகிறது. அப்படிக் கட்டணம் மட்டும் செலுத்துபவருக்கு ஒப்பந்தத்தின் மீது வாக்கு இல்லை. என் விண்ணப்பத்தை யாரோ எங்கோ வைத்துவிட்டதால், சங்கத்தில் சேர மறுத்தவர்களின் பட்டியலில் என் பெயர் போய் உட்கார்ந்திருந்தது.

புதிதாக விண்ணப்பித்தால் சங்க நிர்வாகிகளின் அடுத்த கூட்டத்தில்தான் ஏற்பார்கள் என்றும், அதற்குள் கருத்துக்கணிப்பு முடிந்துவிடும் என்றும் கூறினார்கள். விண்ணப்பம் கிடைத்தது என்று அவர்களுடைய கணினியே அனுப்பிய ஒப்புகை மின்னஞ்சலை நான் அழிக்காமல் வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அதில் தேதி இருந்ததால் பழைய விண்ணப்பத்தையே செல்லும் என ஏற்க வேண்டியதாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த ஒப்புகையைத் தனியே சேமித்து வையுங்கள். சம்பளச் சீட்டில் தெரியும் பிடித்தத்தை உறுப்பினர் என்பதற்கான சான்றாக நம்பிவிடாதீர்கள்.

இதற்கிடையில் எங்கள் பேஸில், அதாவது எங்கள் பணி தொடங்கும் விமான நிலைய நகரத்தில், நடக்கவிருந்த சங்கத்தின் உள்ளூர்க் கூட்டத்துக்காக ஓய்வுநாளில் ஜம்ப்சீட்டில் (விமானி அறையிலுள்ள கூடுதல் இருக்கையில்) பறந்து சென்றேன். ரிசர்வ் பணி, அதாவது அழைப்பு வந்தால் பறக்கத் தயாராகக் காத்திருக்கும் பணி, பற்றிய கேள்விகளைக் கருத்துக்கணிப்பில் தனிப் பகுதியாகச் சேர்க்கக் கோரும் தீர்மானம் அன்று முன்வைக்கப்பட இருந்தது. விதிகள் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. வந்திருந்தவர்கள் முறைசாரா விவாதத்தோடு கலைந்தோம். ஓய்வுநாள் வீண், திரும்பும் விமானத்தில் இடம் கிடைக்கக் காத்திருந்த நேரமும் வீண்.

ஆனாலும் அந்த விவாதத்தில் கேட்டவை மறக்கவில்லை. கட்டாய ஓய்வு வயதான 65-ஐ நெருங்கும் கேப்டன் ஒருவர், ஓய்வூதியப் பங்களிப்பை முதலில் கேட்க வேண்டும் என்றார். கருத்து வேறுபாடுகளை வெளியில் பேசினால் நிர்வாகம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும், ஆகவே ஒற்றுமைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். எப்போது அழைப்பு வரும் என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே மாதத்தைக் கழிக்கும் இளையவர்களுக்கு அந்த அறிவுரை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. குழு உரையாடல்களில் எழுதுவது நிர்வாகத்தின் கண்ணில் படாது என்று நம்புவது அறிவீனம். ஆனால் அடக்கிவைத்த வேறுபாடு மறைந்துவிடுவதில்லை என்பதற்கு எங்கள் தொழிலின் வரலாறே சான்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1963-இல் விமானிகளின் தேசியச் சங்கமான ALPA-வை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்கள். யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005-இல் இணைந்த பிறகு, இரு நிறுவன விமானிகளின் சீனியாரிட்டிப் (பணிமூப்புப்) பட்டியலை ஒன்றாக்குவது குறித்து 2007-இல் வந்த நடுவர் தீர்ப்பை ஒரு தரப்பு ஏற்காததால், 2008-இல் சங்கமே மாற்றப்பட்டது. இரு தரப்பினரும் பல ஆண்டுகள் பொது ஒப்பந்தம் இல்லாமல், தனித்தனி ஒப்பந்தங்களின் கீழ் பறந்துகொண்டிருந்தார்கள். ஆகவே சண்டை போடுவதென்றால் கருத்துக்கணிப்பு முடிவதற்கு முன், சங்கத்துக்குள்ளேயே போட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒருவழியாக இணைப்பு வந்தது. முதல் பகுதியில் வழக்கமான கேள்விகள். அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் பகுதிதான் உண்மையான சோதனை. ஊதிய உயர்வா, பணி அட்டவணையில் கூடுதல் கட்டுப்பாடா, ஓய்வூதியப் பங்களிப்பா என்று ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லும் கேள்விகள் அங்கே வரிசையாக வந்தன. எல்லாமே மிக முக்கியம் என்று குறித்துத் தள்ளிவிடலாம் என நினைப்பவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். அப்படிக் குறித்த பதிலால் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு எந்தப் பயனும் இல்லை. பேச்சுவார்த்தையின் இறுதி இரவில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை அவர்கள் தாங்களே ஊகிக்க வேண்டிவரும். ரிசர்வ் பற்றித் தனிப் பகுதி இல்லாததால், திறந்த கருத்துக்கான பெட்டியில் அந்தக் கூட்டத்தில் பேசியதை விரிவாக எழுதினேன். ஒரு எச்சரிக்கை: பக்கத்தைப் பாதியில் விட்டுப் பிறகு தொடரலாம் என்று நினைக்காதீர்கள். இடையில் விமானம் ஏறிய நண்பர் ஒருவருக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு அலைச்சல் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. எங்களுக்குப் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. புதியது வரும்வரை பழையதே தொடரும். இரு தரப்புக்கும் இடையே மத்தியஸ்தம் செய்யும் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியம் எங்களை மத்தியஸ்தத்திலிருந்து விடுவித்து, அதன்பின் காத்திருக்க வேண்டிய 30 நாள் அமைதிக் காலமும் கழிந்த பிறகே வேலைநிறுத்தம் பற்றிப் பேச முடியும். வாரியம் எப்போது விடுவிக்க வேண்டும் என்பதற்குக் காலவரையறை இல்லாததால், இன்று தவறாகப் பதிவாகும் விருப்பம் ஆண்டுக்கணக்கில் நம்மோடு தங்கிவிடக்கூடும். உறுப்பினர் மனநிலையைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம்: 2022-இல் யுனைடெட் விமானிகள் தங்கள் முன் வைக்கப்பட்ட உடன்பாட்டை 94 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள்.

எங்கள் முடிவுகளின் சுருக்கம் சென்ற வாரம் வந்தது. முழு எண்களைத் தரவில்லை; நிர்வாகமும் படிக்கும் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை. திறந்த கருத்துகளில் ரிசர்வ் பணி பற்றிய புகார்கள் நிறைய வந்ததால், அதற்கென்றே ஒரு குறுங்கணிப்பு நடத்தப்படும் என்று கடைசிப் பத்தியில் குறிப்பிட்டிருந்தார்கள். அதற்கான உறுப்பினர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று அன்றே அழைத்துக் கேட்டேன். இருக்கிறது என்பதை மின்னஞ்சலாகவும் வாங்கி வைத்துக்கொண்டேன்.