செதில் சுரண்டி திறந்தது, ‘டக்’ மட்டும் வரவில்லை

எண்ணெய் விடத் தொடங்கிய பதினோராவது நாள், பழைய மீன்பிடிக் கத்தியின் செதில் சுரண்டும் அலகு திறந்துவிட்டது. பாதி இல்லை, முழுசாக. ஆனால் திறந்து முடியும் இடத்தில் கேட்க வேண்டிய அந்த ‘டக்’ கேட்கவில்லை. சேற்றில் கால் வைத்த மாதிரி மெதுவாக வந்து நிற்கிறது. துருவில் இறுகிய மடக்குக் கத்தியில் திறப்பது முதல் வேலை, சத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது இரண்டாவது வேலை. முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவது பொறுமைக்கும் மசியாது.

கத்தி இதுதான்: மூடிய நீளம் ஐந்து அங்குலம், மஞ்சள் செல்லுலாய்டு பிடி, நிக்கல் சில்வர் போல்ஸ்டர் (பிடியின் முனையில் உள்ள உலோகப் பூண்), பித்தளை லைனர் (பிடிக்கு உட்புறத் தகடு), அலகு இரண்டும் கார்பன் ஸ்டீல். இரண்டுக்கும் பிவட், அதாவது திரும்பும் அச்சு, ஒரே முனையில், நடுவில் ஒரு லைனர். பெரிய அலகு நீண்ட கிளிப் பாயிண்ட், நுனிப் பக்கம் முதுகைச் சரித்து வெட்டியது. சின்னது செதில் சுரண்டி, நுனியில் தூண்டில் முள்ளைக் கழற்றும் கவை. டாங்கில் (பிவட் துளை உள்ள அலகின் அடிப்பகுதி) இருந்த முத்திரையில் ‘யு.எஸ்.ஏ.’ மட்டும் மிச்சம். மேல் வரி தேய்ந்து போயிருக்கிறது.

மீன்பிடிக் கத்தி சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பெரிய அலகைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கத்தி எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்வது சின்ன அலகு. பெரிய அலகை எல்லோரும் துடைப்பார்கள், தீட்டுவார்கள். சுரண்டியின் பல்லிடுக்கில் செதிலும் வழவழப்பும் ஒட்டிக்கொள்ளும், அப்படியே மடக்கிப் பையில் போட்டுவிடுவார்கள். கடல் மீன் என்றால் உப்பும் சேரும். பிடியின் பள்ளத்தில் காற்றோட்டம் கிடையாது, ஈரம் அங்கேயே தங்கும். பெரிய அலகு பளிச்சென்று இருந்து சுரண்டி அசையாமல் இருக்கும் கத்திகள் இத்தனை கிடைப்பது இதனால்தான். விற்பவர்களும் பெரிய அலகை மட்டும் திறந்து வைத்துப் படம் எடுப்பார்கள். ‘இரண்டாவது அலகு கொஞ்சம் டைட்’ என்று எழுதியிருந்தால் அது திறக்கவே திறக்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் விடும் முன் எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இந்தக் கத்தியில் ஒரே பிவட் பின்தான் இரண்டு அலகையும் கோத்துப் போகிறது. பெரிய அலகு தாராளமாகத் திரும்புகிறது. ஆகவே பின் வளையவில்லை. பிடித்திருப்பது சுரண்டியின் டாங் துளைக்குள், அல்லது டாங்குக்கும் லைனருக்கும் நடுவே. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அந்த வீக்கம் லைனரை வெளியே தள்ளியிருந்தால் போல்ஸ்டர் பக்கம் நேராக வைத்துப் பார்க்கும்போது ஒரு புறம் மட்டும் இடைவெளி தெரியும். இதில் தெரிந்தது, தலைமயிர் அளவுக்கு.

பின்னைத் தட்டி வெளியே எடுத்து எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். பழைய கத்தியில் பின்னின் தலையை போல்ஸ்டரோடு சமமாக அடித்துத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாதபடி முடித்திருப்பார்கள். ஒருமுறை கழற்றி மாட்டினால் மெல்லிய வட்டம் தெரிய ஆரம்பித்துவிடும். அந்த வட்டத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் ‘அலகு மாற்றிய கத்தி’ என்று கீழே வைத்துவிடுவார். அலகு மாறாமல் இருந்தாலும் அதை நிரூபிக்க வழி இல்லை.

அடுத்த தடை செல்லுலாய்டு. இறுகிய இரும்புக்கு எல்லோரும் சொல்லும் மருந்து அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் (ஏ.டி.எஃப்.) சரிபாதி கலந்தது. எலும்புப் பிடி என்றால்கூட யோசித்துச் செய்யலாம். செல்லுலாய்டில் கூடவே கூடாது, அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். ஸ்பிரிட் வகைகளும் ஆகாது. சூடு காட்டுவதும் முடியாது. செல்லுலாய்டு என்பது நைட்ரோ செல்லுலோஸும் சூடமும் சேர்ந்தது. முதலில் இளகும், பிறகு திகுதிகுவென்று எரியும். ஹேர் டிரையர்கூட வேண்டாம். பிடி செல்லுலாய்டா, பிற்காலப் பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சூடான ஊசி வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். துணியால் ஒரு இடத்தை வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் சூட வாசனை வரும், அது போதும்.

ஆகவே மிஞ்சியது மெல்லிய மினரல் எண்ணெய், காலம், விரல். தையல் மெஷின் எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்து பிசினாகி முன்பைவிட இறுக்கும்.

எண்ணெய் விடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். மேலே ஊற்றினால் பிடி முழுக்க வழியும், பிவட்டுக்குள் போகாது. முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் எடுத்து மூன்று இடத்தில் ஒவ்வொரு துளி: டாங்குக்கு இடது பக்கம், வலது பக்கம், பின்புறம் ஸ்பிரிங் (பிடியின் முதுகில் ஓடி அலகை அழுத்திப் பிடிக்கும் பட்டை) முனை டாங்கைத் தொடும் கோடு. கத்தியைப் பிவட் முனை மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்த வேண்டும், எண்ணெய் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். படுக்க வைத்தால் ஒரு பக்கம்தான் நனையும். இருபத்துநான்கு மணி நேரம் தொடக்கூடாது. மறுநாளும் அதேபோல. முதல் மூன்று நாள் அலகை இழுத்துப் பார்க்கவே கூடாது. இழுத்தால் நகக்குழியின் (நகம் மாட்டி அலகைத் திறக்கும் பள்ளம்) விளிம்பு சிதையும், அல்லது பாதி நனைந்த துரு கட்டியாகி இன்னும் உள்ளே இறுகும்.

நான்காம் நாள் முதல் அசைவு. நகக்குழியில் பிளையர் போட்டவர்கள் விட்டுப்போன தழும்பை எத்தனையோ நல்ல கத்திகளில் பார்க்கலாம். அதற்குப் பதில், சுரண்டியின் முதுகையும் அடிப்பாகத்தையும் தடித்த தோல் துண்டால் சேர்த்துப் பிடித்து, பிவட்டுக்கு மிக அருகில் விசை கொடுக்க வேண்டும். நுனியைப் பிடித்தால் நெம்புகோல் பலம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த பலத்தில்தான் டாங் அருகே அலகு முறியும். பல் வெட்டிய அலகில் ஒவ்வொரு பல்லிடுக்கும் ஒரு பலவீனமான இடம் என்பதையும் மறக்கக்கூடாது. திறக்கும் திசையில் ஒன்றிரண்டு டிகிரி, உடனே மூடும் திசையில் அதே அளவு. திறப்பது அல்ல நோக்கம், ஆட்டுவது. ஆட்டும்போது காப்பிக்கொட்டைப் பொடி குழைத்தது போன்ற பழுப்புச் சாந்து இடுக்கிலிருந்து வரும். அதைப் பருத்தி நூலை இடுக்கில் கொடுத்து இழுத்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த துளி. துடைக்காமல் மேலும் ஆட்டினால் அந்தச் சாந்தே உப்புத்தாள் மாதிரி பித்தளை லைனரை அராவும்.

ஆறாம் நாள் பத்து டிகிரி. எட்டாம் நாள் நாற்பத்தைந்து. ஒன்பதாம் நாள் ஒரு டிகிரிகூட முன்னேறவில்லை, காரணம் ஸ்பிரிங் ஏறும் உச்சக் கோணம். அலகு திரும்பும்போது டாங்கின் மூலை ஸ்பிரிங்கை மேலே தூக்கும். லைனர்களுக்கு நடுவே ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருந்தால் அங்கே எல்லாம் நின்றுவிடும். ஸ்பிரிங்கின் முழு நீளத்துக்கும் இரண்டு பக்கமும் ஊசியால் எண்ணெய்க் கோடு இழுத்து, இரண்டு நாள் விட்டதும் தாண்டியது.

இப்போது ‘டக்’ ஏன் வரவில்லை என்பதற்கு வருவோம். மூன்று காரணம் இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், டாங்கின் முகமும் ஸ்பிரிங் முனையும் துருக்குழி விழுந்து சொரசொரப்பாகியிருக்கலாம், அல்லது ஸ்பிரிங் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் உரசலாம். முதுகுப் பக்கம் பார்த்தால் விடை கிடைக்கும். சரியான கத்தியில் மூடியபோதும் திறந்தபோதும் ஸ்பிரிங் லைனரோடு சமமாக இருக்கும், பாதி திறந்தபோது மட்டும் ஏறும். இதில் மூடியபோது சமம். திறந்தபோது அரை மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. விரலால் அழுத்தினால் இறங்குகிறது, ஆனால் தானாக இறங்குவதில்லை. தளர்ந்த ஸ்பிரிங் என்றால் அலகு ஆடும், இங்கே ஆடவில்லை. ஆக, உரசல், அல்லது ஸ்பிரிங் முனைக்குக் கீழே இன்னும் சாந்து.

இதற்குச் செய்துகொண்டிருப்பது: அலகைப் பாதி திறந்து, ஸ்பிரிங் ஏறி நிற்கும்போது அந்த இடைவெளியில் மெட்டல் பாலிஷ் தடவிய மெல்லிய துணி நாடாவை நுழைத்து முன்னும் பின்னும் இழுப்பது. பிறகு ஐம்பது முறை திறந்து மூடுவது. பிறகு லைட்டரில் ஊற்றும் திரவத்தால் அலசுவது, தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில், நன்றாக உலரவிட்டு. பாலிஷ் உள்ளே தங்கிவிட்டால் அதுவே தேய்க்கும் பொடி, ஆகவே அலசலைச் சோம்பலில் விட்டுவிடக்கூடாது. கடைசியில் ஒரு துளி எண்ணெய். மூன்று சுற்று முடிந்தபோது அரை மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகக் குறைந்திருக்கிறது.

அலகின் முகத்தில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சிவப்புத் துருவை மட்டும் பித்தளைத் தகட்டின் விளிம்பால் எண்ணெயோடு சுரண்டியாயிற்று, பித்தளை ஸ்டீலைவிட மென்மை, கீறாது. கறுத்த பகுதி அப்படியே இருக்கட்டும். வினிகரிலோ எலுமிச்சை உப்பிலோ போட்டால் துரு போகும், கூடவே அறுபது எழுபது வருடக் கருமையும் போய்ச் சாம்பல் நிறத்தில் செத்த மீன் மாதிரி ஆகிவிடும். அலகில் அமிலத்தால் பொறித்த எழுத்து இருந்தால் நாலு பூஜ்ய ஸ்டீல் உல்லைக்கூட, அதாவது மிக மெல்லிய இரும்பு நாரைக்கூடக் காட்டக்கூடாது.

கவையில் ஒரு கொம்பு குட்டை. ஒடிந்ததை யாரோ அரத்தால் சமப்படுத்தியிருக்கிறார்கள். இது அடிக்கடி நடக்கும் வேலை. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மூடிய நிலையில் பிடியின் பள்ளத்தைப் பார்ப்பது. நுனிக்கு அப்பால் காலி இடம் அதிகம் இருந்தால் அலகு குட்டையாகியிருக்கிறது. இனி வாங்கும் முன் கேட்க வேண்டிய படங்கள்: இரண்டு அலகும் திறந்தபடி இரு பக்கமும், மூடிய நிலையில் பள்ளம், முதுகு, டாங் முத்திரை இரு பக்கமும். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முத்திரை பற்றி. தேய்ந்த எழுத்தைப் படிக்க டார்ச்சை அலகோடு கிட்டத்தட்ட படுக்க வைத்து ஒளி பாய்ச்ச வேண்டும், டாங்கில் முகப்பவுடர் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். இதில் அப்படியும் மேல் வரி வரவில்லை. மஞ்சள் பிடி என்றதும் கேஸ் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்தின் 32095எஃப் என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த எண்ணைப் பிரித்தால்: 3 மஞ்சள் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 095 வடிவம், எஃப் செதில் சுரண்டி. எண் இல்லாமல் மஞ்சளை மட்டும் நம்பி பெயர் வைக்கக்கூடாது. கேஸ் என்று உறுதியானால் வயது சொல்வது சுலபம். ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ மட்டும் இருந்தால் 1940 முதல் 1964 வரை, ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்தால் 1965 முதல் 1969 வரை. 1970ல் முத்திரையில் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979ல் ஒன்றில் நிறுத்தினார்கள். இன்னொரு அமெரிக்க முத்திரையான ‘ஷ்ரேட் வால்டன்’ என்று இருந்தால் 1973க்குப் பிந்தையது அல்ல. ரெமிங்டன் என்றால் 1920க்கும் 1940க்கும் இடைப்பட்டது, பிற்கால மறுபதிப்பாக இல்லாத பட்சத்தில். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளில் நாட்டின் பெயர் இருந்தால் 1891க்குப் பிந்தையது என்று கொள்ளலாம், அமெரிக்காவின் மெக்கின்லி இறக்குமதி வரிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தேய்ந்த டாங்கில் கூர்மையான எழுத்து இருந்தால் எதையும் கணக்குப் போட வேண்டாம், அது பிறகு அடித்தது.

வைக்கும் இடம் தனி. பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவி விடும், பக்கத்தில் உள்ள கத்தியையும் சேர்த்துத் தின்னும். பித்தளையில் திடீரென்று பச்சைக் களிம்பு ஏறினால் முதல் அறிகுறி. காற்றுப் புகாத டப்பாவும் தோல் உறையும் இரண்டுமே தப்பு. இப்போதைக்குத் தனிப் பருத்திப் பையில், பளிச்சென்று தேய்த்த செம்புத் துண்டு ஒன்றோடு இருக்கிறது. செம்பு பச்சையானால் மற்ற கத்திகளிடமிருந்து இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்து வரிசையில் நிற்பது பிடியில் தூண்டில் முள் தீட்டும் கல் பதித்த ஒன்று. கல்லின் மேல் பழைய எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்து கண்ணாடி மாதிரி வழுக்குகிறது, மண்ணெண்ணெய் தொட்ட பல்துலக்கும் பிரஷ்ஷால் தொடங்க உத்தேசம். கல்லைப் பெயர்க்காமல் முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு முன் இந்த ஸ்பிரிங் இன்னும் கால் மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.